எந்த வைட் லென்ஸ்? கையால் ஃபோகஸ் செய்பவருக்கு

வைட் லென்ஸ் எதற்கு வேண்டும் என்று கேட்டால், "எல்லாம் அடங்கணும் சார்" என்பதுதான் வழக்கமாக வரும் பதில். கல்யாண மண்டபம் மேடையோடு அடங்க வேண்டும், கோபுரம் கலசத்தோடு அடங்க வேண்டும், சின்ன அறையில் மூன்று சுவராவது அடங்க வேண்டும். இந்தப் பதிலோடு கடைக்குப் போனால், கையில் இருக்கும் காசுக்குக் கிடைக்கிற மிகச் சிறிய எண்ணை வாங்கிக்கொண்டு திரும்புவோம். 14 மி.மீ. லென்ஸில் எல்லாம் அடங்கும், உண்மைதான். படத்தில் பாதி தரை, பாதி வானம்; எடுக்கப் போன மண்டபம் நடுவில் தீப்பெட்டி அளவுக்கு நிற்கும்.

பின்னால் நகர இடமில்லாத இடத்தில் வைட் கைகொடுக்கும் என்பது அதன் பாதி உபயோகம்தான். முன்னால் இருக்கும் பொருளை நெருங்கிப் போய், அதற்குப் பின்னால் இருக்கும் இடத்தையும் விடாமல் காட்ட வேண்டுமென்றால் வைடை விட்டால் வேறு வழி கிடையாது. பூக்கட்டும் கை ஒரு முழத்தில் பெரிதாகத் தெரிய வேண்டும், பின்னால் கடைத்தெருவும் தெரிய வேண்டும் என்றால் 50 மி.மீ. உதவாது. ஆகவே லென்ஸ் வாங்குமுன் முதலில் முடிவு செய்ய வேண்டியது, எடுக்கப்போகும் பொருளுக்கு எவ்வளவு கிட்டே போவீர்கள் என்பது. கூர்மை, எஃப் எண், பிராண்ட் எல்லாம் அதற்குப் பிறகு.

பேச வசதியாக ஒரே குடும்பத்தை எடுத்துக்கொள்கிறேன்: நிக்கானின் மேனுவல் ஃபோகஸ் ஏஐ-எஸ் வரிசை. 35, 28, 24, 20 என்று நான்கு படிகள். 1959-ல் நிக்கான் எஃப் கேமராவோடு வந்த மவுண்ட் இது. சரியான அடாப்டர் இருந்தால் இன்றைய எந்த மிரர்லெஸ் பாடியிலும் உட்காரும். உங்கள் வீட்டு பீரோவில் ஒலிம்பஸ் ஓஎம், கேனான் எஃப்டி, பென்டாக்ஸ், மினோல்டா என்று வேறு எது கிடந்தாலும் கீழே வரும் கணக்கு அப்படியே பொருந்தும்.

கோணமும் ஓரத்து முகமும்

ஃபுல் ஃப்ரேம் சென்சாரில், படத்தின் அகலவாக்கில் அளந்தால் 35 மி.மீ. ஏறத்தாழ 54 டிகிரி பார்க்கும். 28 மி.மீ. 65, 24 மி.மீ. 74, 20 மி.மீ. 84. முப்பத்தைந்திலிருந்து இருபத்தெட்டுக்கு வர ஏழு மில்லிமீட்டர் குறைத்து 11 டிகிரி வாங்குகிறோம். இருபத்துநாலிலிருந்து இருபதுக்கு நாலே மில்லிமீட்டரில் 10 டிகிரி கிடைத்துவிடுகிறது. எண் சிறுக்கச் சிறுக்க ஒவ்வொரு மில்லிமீட்டரும் கனக்கும். "24-க்கும் 20-க்கும் என்ன சார் பெரிய வித்தியாசம்" என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம்.

கோணம் கூடக்கூட ஃப்ரேமின் ஓரத்தில் இருப்பதெல்லாம் வெளிப்பக்கமாக இழுபடும். இதை லென்ஸின் குறை என்று பலர் நினைக்கிறார்கள். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும், நேர்க்கோட்டை நேராகக் காட்டும் எல்லா வைட் லென்ஸிலும் இது நடக்கும். சுவரை எடுத்தால் தெரியாது. உருண்டையான பொருளை ஓரத்தில் வைத்தால் தெரியும். மனிதத் தலை உருண்டையானது. இடது, வலது ஓரத்தில் வரும் தலை 35-ல் ஏறத்தாழ 12 சதவீதம் அகலமாகும். 28-ல் 19, 24-ல் 25, 20-ல் 35 சதவீதம்.

கல்யாண குரூப் போட்டோவில் கடைசியாக நிற்கும் அத்தையை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். 35-ல் யாருக்கும் எதுவும் தெரியாது. 28-ல் அவருக்கே சின்னச் சந்தேகம் வரும், வாய்விட்டுச் சொல்ல மாட்டார். 24-ல் "நான் என்ன இவ்ளோ குண்டாவா இருக்கேன்?" என்பார். 20-ல் எடுத்தால் ஆல்பத்தின் மீதிப் பணத்தைக் கேட்கப் போகாதீர்கள். ஆட்களை எடுப்பதுதான் முக்கிய வேலை என்றால் 28-ல் நின்றுவிடுவது நல்லது. வேறு வழியில்லாமல் 24 மாட்டினால், வரிசையின் இரு பக்கமும் ஓர் ஆள் நிற்கும் இடத்தைக் காலியாக விட்டு எடுத்து, பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். கேரி வினோகிராண்ட் நியூயார்க் தெருக்களில் லைக்காவில் 28 மி.மீ. மாட்டிக்கொண்டு அலைந்தவர். கூட்டத்துக்கு நடுவே நின்று எடுத்த அந்தப் படங்களில் முகங்கள் முகங்களாகவே இருக்கின்றன.

கட்டடம், உள்ளறை, நிலக்காட்சி எடுப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. அவர்களுக்கு வேறு தலைவலி: கேமராவை அண்ணாந்து பிடித்தால் கோபுரம் பின்னால் சாயும். இதற்கு 20 மி.மீ. வாங்கிப் பயனில்லை. கேமராவை மட்டமாக வைத்து எடுத்து, கீழே வரும் தரையை வெட்டுவது ஒரு வழி. நிக்கானின் 28 மி.மீ. எஃப் 3.5 பிசி போன்ற ஷிஃப்ட் லென்ஸ் இன்னொரு வழி. அதைக் கேமராவில் மாட்டியபடியே 11 மி.மீ. வரை மேலே நகர்த்தலாம். கட்டடம் எடுப்பதுதான் தொழில் என்றால் அதைத் தேடுங்கள். மற்றவர்களுக்கு அது ஆடம்பரம்.

ரிங்கில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

மேனுவல் ஃபோகஸ் என்றதும் பயப்படுகிறவர்கள் 85 மி.மீ. எஃப் 1.4-ஐ மனதில் வைத்துக்கொண்டு பயப்படுகிறார்கள். அங்கே கண்ணிமையில் ஃபோகஸ் வைத்தால் மூக்கு போய்விடும். வைடில் நிலைமை தலைகீழ். 28 மி.மீ. லென்ஸை எஃப் 8-ல் வைத்து, ஃபோகஸ் ரிங்கை 3.3 மீட்டரில் நிறுத்தினால், 1.6 மீட்டரிலிருந்து அடிவானம் வரை தெளிவாக விழும். இதுதான் ஹைப்பர்ஃபோக்கல் தூரம். 24-ல் ரிங்கை 2.4 மீட்டரில் நிறுத்தினால் 1.2 மீட்டரிலிருந்து தெளிவு. 20-ல் 1.7 மீட்டரில் நிறுத்தினால் 85 செ.மீ.யிலிருந்தே தெளிவு. 35-ல் 5 மீட்டருக்கு மேல் போக வேண்டும், தெளிவும் இரண்டரை மீட்டருக்கு அப்பால்தான் தொடங்கும். ஒருமுறை ரிங்கை வைத்துவிட்டால் தெருவில் நடந்துகொண்டே எடுக்கலாம். எந்த ஆட்டோ ஃபோகஸும் இந்த வேகத்துக்கு வராது, ஏனென்றால் இங்கே செய்வதற்கு வேலையே இல்லை.

ஒரு எச்சரிக்கை. லென்ஸின் மேல் எஃப் எண்களுக்கு நேராகப் போட்டிருக்கும் டெப்த் ஆஃப் ஃபீல்ட் கோடுகளும், நான் மேலே சொன்ன எண்களும் ஃபிலிம் காலத்து அளவுகோலில் போட்டவை. சாதாரண அளவில் பிரிண்ட் போட்டுக் கைநீளத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு அவை சரி. 24, 45 மெகாபிக்சல் படத்தைத் திரையில் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்க்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் (யாருக்குத்தான் இல்லை) ஏமாந்துபோவீர்கள். எஃப் 8-ல் எடுக்கும்போது எஃப் 4 கோடுகளுக்கு நடுவில் வருவதை மட்டும் நம்புங்கள். நிலக்காட்சியில் தூரத்து மலைதான் முக்கியம் என்றால் ஹைப்பர்ஃபோக்கலை மறந்துவிட்டு மலையிலேயே ஃபோகஸ் வையுங்கள்.

கண்ணால் பார்த்து ஃபோகஸ் செய்வது வைடில் கடினம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். டிஎஸ்எல்ஆர் வியூஃபைண்டரில் எல்லாமே சின்னதாக, எல்லாமே தெளிவாகத் தெரியும். மிரர்லெஸ்ஸில் ஃபோகஸ் பீக்கிங் போட்டால் திரை முழுக்கச் சிவப்புப் புள்ளிகள் மின்னும்; எதில் ஃபோகஸ் என்று அதற்கே தெரியாது. நேரம் இருந்தால் மேக்னிஃபை செய்து பாருங்கள். நேரம் இல்லையென்றால் தூரத்தைக் கணித்து ரிங்கைத் திருப்புங்கள். கணிக்கப் பழகுவது சுலபம்: வீட்டில் இஞ்சி டேப்பை விரித்து 1, 1.5, 2, 3 மீட்டரில் ஒவ்வொரு நாற்காலியைப் போட்டு, கண்ணுக்கு அந்தத் தூரங்கள் பழகும்வரை பாருங்கள். நம் உயரமுள்ள ஓர் ஆள் தரையில் படுத்தால் 1.7 மீட்டர். தெருவில் இதுவே போதும்.

புதிய ஆட்டோ ஃபோகஸ் லென்ஸ்கள் பலவற்றில் தூரக்கோடுகளே கிடையாது. ரிங் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும், மோட்டார்தான் உள்ளே நகர்த்தும். அதை மேனுவலில் போட்டுத் தூரம் கணித்து எடுப்பது நடக்காத காரியம். கையால் ஃபோகஸ் செய்யத்தான் போகிறீர்கள் என்றால் அதற்கென்றே செய்த லென்ஸை வாங்குவதற்கு இதுவே போதுமான காரணம். கேனான் எஃப்டியும் நிக்கோரும் கலந்து வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இரண்டின் ரிங்கும் எதிரெதிர்த் திசையில் சுற்றும். பழகிய கை அவசரத்தில் தப்பான பக்கம்தான் திருப்பும். ஒரே பிராண்டில் இருந்துவிடுவது நல்லது.

28-க்குள் ஒரு 28

கிட்டே போவதுதான் அளவுகோல் என்று சொன்னேன். அந்த அளவுகோலில் வைத்தால் இந்தக் குடும்பத்தில் ஒரு லென்ஸ் தனியாக நிற்கிறது: 1981-ல் வந்த நிக்கோர் 28 மி.மீ. எஃப் 2.8 ஏஐ-எஸ். அதன் மிகக் குறைந்த ஃபோகஸ் தூரம் 20 செ.மீ. இது சென்சாரிலிருந்து அளப்பது. கேமராவும் லென்ஸும் எடுத்துக்கொள்ளும் இடம் போக, லென்ஸின் முகப்புக்கும் பொருளுக்கும் நடுவே பத்து செ.மீ. அளவுதான் மிஞ்சும். அந்த நெருக்கத்தில் ஒரு போஸ்ட் கார்டு அளவுள்ள பரப்பு ஃப்ரேமை நிறைத்துவிடும். கொலுசு செய்பவரின் விரல்களை முன்னால் வைத்து, பட்டறை முழுவதையும் பின்னால் வைக்கலாம். நிழல் மட்டும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவு கிட்டே போகும்போது லென்ஸே வெளிச்சத்தை மறைக்கும்.

சாதாரண வைட் லென்ஸை இவ்வளவு நெருக்கத்தில் கொண்டுபோனால் ஓரங்கள் குழைந்துவிடும். தூரத்துக்காகக் கணக்குப் போட்டு அடுக்கிய கண்ணாடிகளை மொத்தமாக முன்னே தள்ளுவதால் வரும் வினை அது. கிட்டே ஃபோகஸ் செய்யும்போது கண்ணாடிகளுக்கு இடையிலுள்ள இடைவெளியும் மாறும்படி நிக்கான் ஓர் ஏற்பாடு செய்தது. 1967-ல் 24 மி.மீ. எஃப் 2.8 லென்ஸில் முதன்முதலாக வந்த அந்த ஏற்பாடு இந்த 28-லும் இருக்கிறது.

இதே எண் போட்ட வேறு லென்ஸ்களும் சந்தையில் உண்டு என்பதால் கவனம் வேண்டும். சீரிஸ் ஈ 28 மி.மீ. எஃப் 2.8 ஐந்தே கண்ணாடிகள் கொண்ட மலிவுப் பதிப்பு. அதன் பின் வந்த முதல் ஆட்டோ ஃபோகஸ் 28-ம் அதே ஐந்து கண்ணாடிகள்தான். ஏஐ-எஸ் பதிப்பில் எட்டு. முந்தைய ஏஐ பதிப்பு 30 செ.மீ.யோடு நின்றுவிடும். கடையில் கண்ணாடியை எண்ண முடியாது. ஃபோகஸ் ரிங்கைக் கடைசிவரை திருப்புங்கள். 0.2 என்று முடிந்தால் எடுத்துக்கொள்ளலாம். 0.3 என்று முடிந்தால் அது வேறு லென்ஸ், விலையும் வேறாக இருக்க வேண்டும்.

எஃப் 2-க்கு ஆசைப்பட வேண்டுமா?

என்னைக் கேட்டால் வேண்டாம். 28 மி.மீ. எஃப் 2 நல்ல லென்ஸ்தான், 360 கிராம். எஃப் 2.8 பதிப்பு 250 கிராம். ஒரு ஸ்டாப் வெளிச்சத்துக்கு 110 கிராமும் கூடுதல் காசும். ஃபிலிம் காலத்தில் 400 ஐஎஸ்ஓவுக்கு மேல் போகத் தயங்கியவர்களுக்கு அந்த ஒரு ஸ்டாப் பெரிய விஷயம். இன்றைய சென்சாரில் 1600-ஐ 3200 ஆக்கிவிட்டு வேலையைப் பார்க்கலாம். வைடில் பின்னணியை மங்கலாக்குகிறேன் என்று போகிறவர்களுக்கும் ஏமாற்றம்தான். முழுக்கத் திறந்து வைத்தால் பழைய வைட் லென்ஸ்களின் மூலைகள் எப்படியும் சோர்ந்துதான் இருக்கும், எஃப் 5.6-க்கும் 8-க்கும் வந்தால்தான் எழுந்து உட்காரும். இரவு வானம் எடுப்பவர்கள் மட்டும் விதிவிலக்கு. அவர்களுக்குச் சாம்யாங்கின் 24 மி.மீ. எஃப் 1.4, 14 மி.மீ. எஃப் 2.8 போன்றவை இருக்கின்றன. அந்த 14-ல் நேர்க்கோடுகள் மீசை போல வளையும், முகப்புக் கண்ணாடி புடைத்திருப்பதால் முன்னால் ஃபில்டர் திருக முடியாது. நட்சத்திரத்துக்கு இது இரண்டும் பொருட்டில்லை, கட்டடத்துக்குப் பொருட்டு.

உங்கள் பாடி ஒத்துக்கொள்ளுமா?

நிக்கான் டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் இதைப் பார்க்காமல் காசை எடுக்கக் கூடாது. டி3000, டி5000 வரிசைகளிலும் டி7500-லும் ஏஐ-எஸ் லென்ஸ் மாட்டலாம், ஆனால் மீட்டர் வேலை செய்யாது. எக்ஸ்போஷரை நீங்களே ஊகித்து, படத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும். டி7000, டி7100, டி7200, டி610, டி750, டி800, டி810, டி850 இவற்றில் லென்ஸின் விவரத்தை மெனுவில் பதிந்துவிட்டால் மீட்டர் ஒழுங்காக வேலை செய்யும். 1977-க்கு முந்தைய, ஏஐ ஆக மாற்றப்படாத லென்ஸை இந்தப் பாடிகளில் மாட்டவே கூடாது. மவுண்ட்டின் ஓரத்தில் இருக்கும் சின்ன நாக்கு உடையும். அப்பர்ச்சர் ரிங்கில் எஃப் எண்கள் இரண்டு வரிசையாக இருந்தால் பயமில்லை. ஒரே வரிசை என்றால் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

மிரர்லெஸ்ஸில் தொல்லை குறைவு. சில மலிவு அடாப்டர்கள் ஒரு மயிரிழை தட்டையாக இருக்கும். அப்போது ரிங் முடிவிலிக் குறிக்கு வருமுன்பே அடிவானம் தெளிவாகிவிடும், தூரக்கோடுகள் எல்லாம் பொய்யாகிவிடும். மாட்டியதும் தூரத்து செல்போன் டவரில் ஃபோகஸ் வைத்து, குறி எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாடியில் ஸ்டெபிலைசேஷன் இருந்தால் லென்ஸின் மில்லிமீட்டரைக் கையால் பதிய மறக்காதீர்கள்.

லைக்கா எம் மவுண்ட் வைட் லென்ஸ்களைச் சோனி பாடியில் மாட்ட ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் நடுவே கண்ணாடி எழும்பாது என்பதால் அந்த லென்ஸ்களின் பின்பக்கம் ஃபிலிமை ஒட்டியே உட்காரும். ஓரத்துக்கு வரும் ஒளி மிகச் சாய்ந்து விழும். ஃபிலிமுக்கு அது பிரச்சினை இல்லை. சென்சாருக்கு முன்னால் இருக்கும் கண்ணாடித் தகட்டில் சாய்ந்து நுழையும்போது மூலைகள் இழுபடும், சில சமயம் நிறமும் மாறும். எஸ்எல்ஆர் வைட் லென்ஸ்கள் கண்ணாடி எழும்ப இடம் விட்டுத் தள்ளி உட்காரும்படி செய்தவை என்பதால் இந்தத் தொல்லை குறைவு. 1950-ல் பிரான்ஸின் ஆன்ஜெனியூ 35 மி.மீ.யில் கொண்டுவந்த அமைப்பு அது. பழசே வேண்டாம் என்பவர்களுக்குச் சோனி மவுண்ட்டிலேயே ஃபோக்ட்லேண்டர் 21 மி.மீ. எஃப் 3.5 இருக்கிறது. அந்தச் சென்சாருக்காகவே செய்தது. ரிங்கைத் தொட்டதும் திரையில் படம் தானாகப் பெரிதாகும்.

ஏபிஎஸ்-சி பாடி என்றால் பழைய லென்ஸில் வைட் தேடுவதே வீண். நிக்கான், ஃபியூஜி, சோனி அளவில் 28 என்பது 42 ஆகிவிடும், 20-கூட 30 தான். அங்கே சாம்யாங் 12 மி.மீ. எஃப் 2, இன்னும் அகலம் வேண்டுமென்றால் லாவோவா 9 மி.மீ. எஃப் 2.8 என்று மிரர்லெஸ்ஸுக்கென்றே செய்த மேனுவல் லென்ஸ்களைப் பாருங்கள்.

கடையில் செய்ய வேண்டியது

அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் பாருங்கள். சிலந்தி நூல் போலக் கிளைத்து ஓடினால் ஃபங்கஸ். பனிமூட்டம் போல இருந்தால் ஹேஸ். தூசி நாலு இருந்தால் விட்டுவிடலாம். முன் கண்ணாடியில் உள்ள கீறலைவிடப் பின் கண்ணாடியில் உள்ள கறை படத்தில் அதிகம் தெரியும், பின்னால் இருப்பதைக் கூர்ந்து பாருங்கள். அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய் மினுங்கக் கூடாது. நெம்பை விட்டதும் சட்டென்று மூட வேண்டும். ரிங் முதலிலிருந்து கடைசிவரை ஒரே சீராகச் சுற்ற வேண்டும். நடுவில் இறுகினால் கிரீஸ் காய்ந்துவிட்டது, சர்வீஸ் செலவைக் கழித்து விலை பேசுங்கள்.

பிறகு வாசலுக்கு வந்து, தூரத்தில் இருக்கும் ஒரு பெயர்ப்பலகையில் ஃபோகஸ் வையுங்கள். ரிங்கை நகர்த்தாமல், முழுத் திறப்பில், அதே பலகையை நான்கு மூலைகளிலும் மாற்றி மாற்றி வைத்து நான்கு படம். நான்கு மூலையும் ஒரே மாதிரிச் சோர்ந்திருந்தால் அது அந்த லென்ஸின் இயல்பு. மூன்று நன்றாக இருந்து ஒன்று மட்டும் குழைந்திருந்தால் உள்ளே கண்ணாடி அச்சு விலகியிருக்கிறது; எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். புது லென்ஸுக்கும் இந்தச் சோதனை உண்டு. மலிவு விலை லென்ஸ்களில் பீஸுக்குப் பீஸ் வித்தியாசம் வரும்.

ஃபுல் ஃப்ரேம் வைத்திருப்பவர் முதலில் வாங்க வேண்டியது 28 எஃப் 2.8 ஏஐ-எஸ். அதை ஆறு மாதமாவது கழற்றாமல் எடுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் இடம் போதவில்லை என்றால் 24-ஐத் தாண்டி 20 மி.மீ. எஃப் 2.8-க்குப் போங்கள். 28-ம் 24-ம் பையில் ஒன்றாக இருந்தால் ஒன்று எப்போதும் பையிலேயே இருக்கும். ஒரே ஒரு வைட்தான், அதுவும் உள்ளறைக்கும் நிலக்காட்சிக்கும் மட்டும் என்று தீர்மானமாக இருப்பவருக்கு 24 சரியான நடுவழி. ஆட்களை எடுக்கையில் நாலு அடி தள்ளி நின்றால்தான் உங்களுக்கு நிம்மதி என்றால் வெட்கப்படாமல் 35 எஃப் 2 வாங்குங்கள்.

எதை வாங்கினாலும், சென்னை, தூத்துக்குடி, நாகை போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்கள் லென்ஸைத் தோல் உறைக்குள் போட்டு பீரோவில் வைக்காதீர்கள். ஃபங்கஸ் அங்கேதான் வளரும். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்கும் ட்ரை கேபினெட் நல்லது. முடியாவிட்டால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பத மீட்டர். ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கிக் காயவைக்க வேண்டும். லென்ஸுக்குப் பட்ஜெட் போடும்போதே இந்தச் செலவையும் ஒதுக்கிவிடுங்கள்.